சந்தையா, ஆலை வாசலா? செயலிக் களஞ்சியங்கள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில், தன்னார்வலர்கள் நடத்தும் செல்போன் செயலிக் களஞ்சியங்களைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். பெரும்பாலானவை எஃப்-ட்ராய்டைச் சுற்றியே வருகின்றன. புதிதாகப் படிப்பவர்களுக்கு: கியரன் கல்ட்னீக்ஸ் 2010-ல் தொடங்கிய களஞ்சியம் அது. மூலநிரல் திறந்திருக்கும் ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு மட்டுமே அங்கே இடம். காசு இல்லை, கணக்கு தொடங்க வேண்டாம், ஜிமெயில் முகவரியும் கேட்காது.

‘கல்யாணப் பத்திரிகை’, ‘வண்டி அபராதம்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) தொட்டுவிட்டுப் பணம் போச்சு என்று கடைக்கு வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பிளே ஸ்டோருக்கு வெளியே எதையும் போடாதீர்கள் என்று நான் சொல்லி அனுப்புகிறேன். நீங்கள் எஃப்-ட்ராய்டு போடலாம் என்கிறீர்கள். இரண்டும் ஒரே ஓட்டைதானே, ஐயா?
– செல்போன் பழுதுபார்ப்பவர், காவேரிப்பட்டணம்

ஓட்டை ஒன்றுதான். ஆனால் அதை எவ்வளவு அகலமாகத் திறந்து வைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 7 வரை ‘அறியப்படாத மூலங்கள்’ என்று ஒரே ஒரு சுவிட்ச். போட்டால் ஃபோன் முழுக்கத் திறந்துவிடும். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் இந்த அனுமதி ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி. எஃப்-ட்ராய்டுக்குக் கொடுத்தால் வாட்ஸ்அப்புக்குக் கொடுத்ததாக ஆகாது.

ஆகவே உங்கள் கடையில் செய்ய வேண்டிய வேலை இது. அமைப்புகள், செயலிகள், சிறப்பு அணுகல், ‘அறியப்படாத செயலிகளை நிறுவு’ என்று போங்கள். பட்டியலில் வாட்ஸ்அப், டெலிகிராம், குரோம், கோப்பு மேலாளர் எல்லாம் இருக்கும். அத்தனையையும் அணைத்துவிடுங்கள். எஃப்-ட்ராய்டை முதல்முறை நிறுவ உலாவிக்கு அனுமதி கொடுத்திருப்பீர்கள். வேலை முடிந்ததும் அதையும் அணைக்க வேண்டும். மறப்பது இந்தக் கடைசிப் படியைத்தான்.

அந்த மோசடிக் கோப்புகள் முதலில் குறிவைப்பது எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி, அதாவது ஓடிபி. அடுத்தது அணுகல்தன்மை அனுமதி. அது கிடைத்தால் திரையில் இருப்பதைப் படிக்கலாம், நமக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தலாம். கோப்பாக வந்து நிறுவப்பட்ட செயலிக்கு அணுகல்தன்மை அனுமதியை எளிதில் கொடுக்க முடியாதபடி ஆண்ட்ராய்டு 13 ஒரு தடை வைத்தது. களஞ்சியச் செயலி முறையாக நிறுவுவதற்கு அந்தத் தடை இல்லை. ஃபோனே இரண்டையும் வேறாகத்தான் பார்க்கிறது.

பணம் போய்விட்டதென்று யாராவது வந்தால் ஃபோனை ரீசெட் செய்ய உட்காராதீர்கள். முதலில் இணையத்தைத் துண்டித்து, வேறு ஃபோனிலிருந்து 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

எல்லாச் செயலியையும் உள்ளே விட்டுவிட்டு, நல்லது எது கெட்டது எது என்று பயன்படுத்துபவர்களே ஓட்டுப் போட்டுச் சொல்லட்டுமே? சோதனை, ஆய்வு என்று எதற்கு இத்தனை வாசல்?
– மென்பொருள் ஊழியர், ஓசூர்

ஏற்கெனவே செய்து பார்த்த சோதனைதான் இது. 2009-ல் நோக்கியா என்900 வந்தது, உள்ளே மேமோ 5 இயங்குதளம். அதற்குச் சமூகமே நடத்திய களஞ்சியத்தில் மூன்று அடுக்குகள் இருந்தன: எக்ஸ்ட்ராஸ்-டெவெல், எக்ஸ்ட்ராஸ்-டெஸ்டிங், எக்ஸ்ட்ராஸ். முதலாவது ஊர்ச் சந்தை மாதிரி, சாக்கை விரித்து யாரும் உட்காரலாம். கடைசி அடுக்கு மாங்கூழ் ஆலை வாசல் மாதிரி, பழத்தை அறுத்துப் பார்த்த பிறகுதான் வண்டியிலிருந்து இறக்குவார்கள். நடு அடுக்கிலிருந்து கடைசிக்குப் போக ஒரு செயலி குறைந்தது 10 நாள் காத்திருக்க வேண்டும், 10 பேர் சரி என்று வாக்களிக்கவும் வேண்டும்.

காகிதத்தில் அழகாக இருந்தது. நடைமுறையில் மூன்று இடத்தில் இடித்தது.

ஒன்று, வாக்கு எண்ணிக்கை தரத்தைக் காட்டவில்லை. எத்தனை பேருக்கு அது வேண்டும் என்பதைத்தான் காட்டியது. விளையாட்டுக்கு 10 பேர் சட்டென்று கிடைப்பார்கள். ஒரு சிறு மொழியின் விசைப்பலகைக்கு அந்த 10 பேர் எங்கிருந்து வருவார்கள்? இரண்டு, ஒவ்வொரு புதிய பதிப்பும் மறுபடி அதே வரிசையில் நிற்க வேண்டும். அவசரப் பிழைதிருத்தமும் ஒப்பனை மாற்றமும் ஒரே கணக்கு. மூன்றாவதுதான் பெரிய கேடு. பொறுமை இழந்தவர்கள் நேராக முதல் அடுக்கையே ஃபோனில் சேர்த்துக்கொண்டார்கள். பாதுகாப்புக்கென்று வைத்த வாசல், ஆட்களைப் பாதுகாப்பே இல்லாத இடத்துக்குத் தள்ளியது.

ஆனால் அந்தச் சோதனைப் பட்டியலில் ஓர் அருமையான விதி இருந்தது. என்900-ல் இயங்குதளத்துக்கான மூலப்பகுதி வெறும் 256 எம்பி. 32 ஜிபி நினைவகம் வேறு சில்லில். ஒரு செயலி தன் பெரிய கோப்புகளை ‘ஆப்ட்’ என்ற கோப்புறைக்குள் வைத்தால் அவை பெரிய நினைவகத்துக்குப் போய்ச்சேரும். மறந்து மூலப்பகுதியில் கொட்டினால் அது நிரம்பி, அடுத்த அப்டேட்கூட ஏறாது. செயலியைத் திறந்து பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் செயலி ஜம்மென்று ஓடும். பத்துப் பேர் ‘நன்றாக இருக்கிறது’ என்று வாக்களித்தாலும் கண்ணில் படாத பிழை. கோப்புப் பட்டியலை எடுத்துப் பார்க்கும் பத்து வரி ஸ்கிரிப்ட் ஒரு நொடியில் பிடித்துவிடும்.

இயந்திரம் பார்க்கக்கூடியதை மனிதரிடம் கேட்கக் கூடாது என்பது எங்கள் கட்சி. மனிதரிடம் கேட்பதற்கும் நாள் கணக்கு வைக்க வேண்டும்: இத்தனை நாளில் யாரும் காரணத்தோடு மறுக்காவிட்டால் உள்ளே. ‘இத்தனை பேர் ஆமாம் சொன்னால்தான் உள்ளே’ என்றால் வேலை நடக்காது.

கூகுள் பிளேயும் அதே பள்ளத்தில் கால் வைத்திருக்கிறது. 2023 நவம்பருக்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்குகள் செயலியை வெளியிடும் முன் 20 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும் என்றார்கள். 2024 டிசம்பரில் 20 என்பது 12 ஆனது. விளைவு, ‘நீ என்னுடையதை நிறுவு, நான் உன்னுடையதை நிறுவுகிறேன்’ என்று பண்டமாற்றுக் குழுக்கள். கணக்கு நேராகிவிட்டது, சோதனைதான் நடக்கவில்லை.

எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட் செயலியை எஃப்-ட்ராய்டில் சேர்க்கச் சொல்லி எழுதி இரண்டு மாதம் ஆகிறது. பதிலே இல்லை. தாலுகா ஆபீஸைவிட மோசமாக இருக்கிறதே!
– பொறியியல் மாணவர், பர்கூர்

எந்த வாசலில் மனு கொடுத்தீர்கள்? இரண்டு இருக்கின்றன. ‘ஆர்எஃப்பி’ என்பது வேண்டுகோள் பட்டியல்: இந்தச் செயலி இருந்தால் நல்லது என்று யாரும் எழுதிப்போடலாம், எடுத்துச் செய்ய ஓர் ஆள் முன்வரும்வரை அது அங்கேயே கிடக்கும். இரண்டாவது, கிட்லேபில் உள்ள ‘எஃப்ட்ராய்டுடேட்டா’ களஞ்சியத்துக்கு நீங்களே விவரக் கோப்பு எழுதி மெர்ஜ் ரிக்வெஸ்ட் (சேர்க்கச் சொல்லும் மனு) அனுப்புவது. உங்கள் வேலையை நீங்களே செய்துவிட்டு, சரிபார்க்க மட்டும் அவர்களைக் கேட்பது. நீங்கள் முதல் வாசலில் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறோம். இரண்டாவதுக்கு மாறுங்கள்.

மாறும் முன் வீட்டைப் பெருக்கிவிடுங்கள். நிரல் களஞ்சியத்தின் மேல்தளத்தில் உரிமக் கோப்பு இருக்க வேண்டும். ‘கிட்ஹப்பில் போட்டுவிட்டோம், அதனால் திறந்த நிரல்தான்’ என்பது செல்லாது. ஜிபிஎல், அப்பாச்சி, எம்ஐடி என ஏதாவது ஓர் அங்கீகரிக்கப்பட்ட உரிமத்தின் முழு வாசகம் வேண்டும்.

அடுத்தது கூகுளின் ஃபயர்பேஸ் சேவை. மாணவர் செயலிகள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கும். ஃபயர்பேஸ், கிராஷ்லிட்டிக்ஸ், பிளே சர்வீசஸ் நூலகங்களை எஃப்-ட்ராய்டு திறந்த நிரலாக ஏற்பதில்லை, உள்ளே வரக் கூடாது. கிரேடில் என்ற கட்டுமானக் கருவியில் ‘பிளே’, ‘ஃபாஸ்’ (திறந்த நிரல்) என்று இரண்டு ஃபிளேவர் (வகை) பிரித்து, ஃபயர்பேஸை முதலாவதில் மட்டும் வைப்பார்கள். அப்படியும் மாட்டுவது ஏன் தெரியுமா? கூகுள் சர்வீசஸ் பிளகின் வரி கோப்பின் உச்சியில் எல்லா ஃபிளேவருக்கும் பொதுவாக நிற்கும். எஃப்-ட்ராய்டின் ஸ்கேனர் அந்த வரியைப் பார்த்ததுமே நிறுத்திவிடும். ‘லிப்ஸ்’ கோப்புறையில் எப்போதோ இறக்கிப்போட்ட ஜார், ஏஏஆர் கோப்புகளும் அப்படியே. மூலநிரல் இல்லாத கட்டிய பொருள் எதுவும் கூடாது.

இன்னொன்று, பலரையும் குழப்புவது. ‘டிபெண்டென்சி மெட்டாடேட்டா’ என்ற கூடுதல் பகுதி கையொப்பத்தில் இருக்கிறது என்று பிழை வரும். நீங்கள் எழுதிய எதுவும் அல்ல அது. ஆண்ட்ராய்டின் கிரேடில் பிளகின், நூலகப் பட்டியலை கூகுள் மட்டும் படிக்கும்படி பூட்டி ஏபிகே-க்குள் தானாக வைக்கிறது. ‘டிபெண்டென்சிஸ்இன்ஃபோ’ தொகுதியில் ‘இன்க்ளூட்இன்ஏபிகே’ என்பதைப் பொய் என்று வைத்தால் போய்விடும்.

இனி விவரக் கோப்பு. செயலியின் அடையாளப் பெயரிலேயே ஒரு யாம்ல் கோப்பு. அதில் கமிட் (நிரலின் ஒரு குறிப்பிட்ட நிலை) என்ற இடத்தில் ‘வி1.0’ என்ற டேக் பெயரை எழுதாமல் 40 எழுத்துள்ள முழுக் கமிட் எண்ணை எழுதுங்கள். டேக்கை நாளைக்கு வேறு நிரலுக்கு நகர்த்திவிடலாம், கமிட் எண்ணை நகர்த்த முடியாது. சரிபார்ப்பவர் பார்த்த நிரல்தான் கட்டப்படுகிறது என்பதற்கு அந்த 40 எழுத்துதான் சாட்சி. புதுப்பிப்பைத் தானாகக் கண்டுபிடிக்க அப்டேட்செக்மோடில் ‘டேக்ஸ்’ என்றும் ஆட்டோஅப்டேட்மோடில் ‘வெர்ஷன்’ என்றும் கொடுத்தால், அடுத்த பதிப்புக்கு மனு போட வேண்டியதில்லை. அனுப்பும் முன் உங்கள் கணினியிலேயே ‘எஃப்ட்ராய்டு லிண்ட்’, ‘எஃப்ட்ராய்டு பில்டு’ இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

செயலியின் விளக்கம், திரைப்பிடிப்புகள் எல்லாம் உங்கள் நிரல் களஞ்சியத்திலேயே ஃபாஸ்ட்லேன் என்ற கோப்புறை அமைப்பில், மொழிக்கு ஒரு கோப்புறையாக இருக்கட்டும். சிறுவிளக்கத்துக்கு 80 எழுத்துதான் வரம்பு. தமிழில் எழுதும்போது கவனம்: ‘க்’ என்பது கணினிக்கு இரண்டு, ‘கொ’ என்பதும் இரண்டு. கண்ணுக்கு 50 எழுத்தாகத் தெரிவதே 80-ஐத் தாண்டலாம்.

இத்தனையும் செய்து மெர்ஜ் ஆன பிறகும் செயலி அன்றைக்கே வராது. அவர்களுடைய கணினி மூலநிரலிலிருந்து புதிதாகக் கட்டி, கையொப்பமிட்டு, பட்டியலை வெளியிட வேண்டும். சில நாள் ஆகும். எதிர்பாராத தடங்கலும் வரும். 2025 ஆகஸ்டில் கூகுள் தந்த புதிய கட்டுமானக் கருவி, எஸ்எஸ்இ4.1 வசதியுள்ள பிராசசரைக் கேட்டது. எஃப்-ட்ராய்டின் சர்வரோ பழையது, அந்த வசதி கிடையாது. அந்தக் கருவியைப் பயன்படுத்திய செயலிகளின் புதுப்பிப்புகள் அப்படியே நின்றன. எழுதியவர்கள் மீதும் பிழையில்லை, சரிபார்த்தவர்கள் மீதும் இல்லை. எல்லாவற்றையும் நாமே கட்டிப் பார்ப்போம் என்று ஏற்றுக்கொண்டதற்குக் கொடுக்கிற விலை அது.

அவ்வளவு காத்திருக்க முடியாதென்றால் இஸ்ஸிஆன்ட்ராய்டு என்ற இன்னொரு களஞ்சியம் இருக்கிறது. அங்கே மூலநிரல் திறந்திருந்தால் போதும். நீங்கள் கட்டி வெளியிட்ட ஏபிகே-யையே எடுத்துக்கொண்டு, வைரஸ் ஸ்கேனிலும் நூலக ஸ்கேனிலும் ஓட்டிவிட்டு வைப்பார்கள். பொதுவாக ஒரு செயலி 30 எம்பி-க்குள் இருக்க வேண்டும். புதிய பதிப்பு ஒரு நாளில் வந்துவிடும். வேகம் கூடுகிறது. கட்டியவரை நம்ப வேண்டிய அளவும் கூடுகிறது. கல்லூரி புராஜெக்டுக்கு நாங்கள் இதையே முதலில் சொல்வோம்.

குறிப்பெடுக்கும் செயலி ஒன்றை பிளே ஸ்டோரிலிருந்து வைத்திருந்தேன். அதன் புதுப்பிப்பை எஃப்-ட்ராய்டில் அழுத்தினால் ‘செயலி நிறுவப்படவில்லை’ என்கிறது. பழையதை நீக்கிவிட்டுப் போட்டேன், ஏறிவிட்டது. ஆறு மாதக் குறிப்பு காணோம்.
– ஆசிரியை, பென்னாகரம்

போனது திரும்ப வராது, வருந்துகிறோம். காரணம் கையொப்பம். ஒவ்வொரு ஏபிகே-யும் ஒரு சாவியால் கையொப்பமிடப்படுகிறது. பழைய பதிப்பின் மேல் புதியதை ஏற்றும்போது சாவி ஒன்றுதானா என்று ஆண்ட்ராய்டு பார்க்கும், வேறென்றால் மறுக்கும். போலிச் செயலி ஒன்று உங்கள் வங்கிச் செயலியின் மேல் ஏறி உட்காராமல் காப்பதும் இதே விதிதான். எஃப்-ட்ராய்டு வழக்கமாகத் தன் சாவியால் கையொப்பமிடும், பிளேயில் இருப்பது வேறு சாவி. எழுதியவர் கட்டியதும் எஃப்-ட்ராய்டு கட்டியதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வந்தால் மட்டும், எழுதியவரின் கையொப்பத்தோடேயே வெளியிடுவார்கள்.

இனி மாறும்போது, செயலிக்குள் ‘ஏற்றுமதி’ அல்லது ‘பேக்கப்’ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கோப்பை எடுத்து ஃபோனுக்கு வெளியே அனுப்பி, அது திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு நீக்குங்கள். இல்லாவிட்டால் மாறவே வேண்டாம், வந்த வழியிலேயே இருங்கள். கூகுள் பேக்கப் கைகொடுக்கும் என்று நம்பாதீர்கள், கையொப்பம் மாறினால் அதுவும் தரவைத் திருப்பிப் போடாது.

துணைச் செயலிகள் உள்ளவற்றில் சிக்கல் இரட்டிப்பு. கட்டளை தட்டும் டெர்மக்ஸ் செயலியை ஓரிடத்திலிருந்தும் டெர்மக்ஸ்-ஏபிஐ-யை வேறிடத்திலிருந்தும் எடுத்தால் ஒன்றோடொன்று சேராது. குடும்பம் முழுவதையும் ஒரே களஞ்சியத்திலிருந்து எடுங்கள்.

வானிலைச் செயலி ஒன்றில் ‘விரும்பத்தகாத அம்சங்கள்’ என்று எச்சரிக்கை போட்டிருக்கிறது. தக்காளிக்கு மருந்தடிக்கும் நாளைப் பார்க்கத்தான் வேண்டும். போடலாமா?
– விவசாயி, பாலக்கோடு

எச்சரிக்கையைத் தொட்டு, எந்த அம்சம் என்று பாருங்கள். ‘கட்டற்றதல்லாத வலைச்சேவை’ என்றால் தகவல் தரும் சர்வரின் நிரல் மூடியது என்று பொருள். வானிலைக்கு இது சகஜம், தாராளமாகப் போடலாம். ‘கண்காணிப்பு’ என்றிருந்தால் யோசியுங்கள். ‘அறிந்த பாதுகாப்பு ஓட்டை’ என்றால் வேண்டாம்.

குறை உள்ளதை வெளியே தள்ளாமல், குறையை நெற்றியில் எழுதி உள்ளே வைக்கிற இந்த முறை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. முடிவு உங்களுடையதாக இருக்கும்.

பல வருடமாக நல்ல பெயரோடு இருந்த செயலியை யாராவது விலைக்கு வாங்கிக் கெடுத்தால் களஞ்சியம் என்ன செய்யும்? தன்னார்வலர்களை ஏமாற்ற முடியாதா?
– தனியார் பள்ளிக் கணினி ஆசிரியர், அரூர்

வாங்கிய கதை நடந்திருக்கிறது. கேலரி, தொடர்பு, நாட்காட்டி என வரிசையாக இருந்த சிம்பிள் மொபைல் டூல்ஸ் செயலிகள் 2023 இறுதியில் ஸிப்போஆப்ஸ் நிறுவனத்துக்குக் கை மாறின. பிளேயில் அவற்றின் புதுப்பிப்பு புதிய உரிமையாளரின் கைக்குப் போனது. எஃப்-ட்ராய்டில் இருந்தது மூலநிரலிலிருந்து கட்டிய பழைய பதிப்பு, அது அப்படியே நின்றது. உரிமம் ஜிபிஎல் என்பதால், பங்களித்து வந்தவர் ஒருவர் அதே நிரலைக் கிளை பிரித்து ‘ஃபாஸிஃபை’ என்று தொடங்கிவிட்டார். பெயரையும் கணக்கையும் வாங்கலாம்; ஏற்கெனவே வெளிவந்த நிரலைத் திரும்பப் பூட்டிவைக்க முடியாது.

ஏமாற்றும் முயற்சியும் நடந்திருக்கிறது. எஃப்-ட்ராய்டு செயலியின் தேடல் பகுதியை மேம்படுத்துகிறேன் என்று ஒரு திருத்தம் வந்தது. புதிய கணக்குகள் சில ‘ஏன் இன்னும் சேர்க்கவில்லை’ என்று நெருக்கின. நிரலைப் பார்த்தவர்கள் அதில் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் ஓட்டை (தரவுத்தளத்துக்குள் கள்ளக் கட்டளை நுழைக்கும் வழி) இருப்பதைக் கண்டு நிறுத்தினார்கள். 2024-ல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தில் பின்வாசல் வெளிப்பட்டபோது இந்தப் பழைய சம்பவம் மறுபடி பேசப்பட்டது. இலவசமாக வேலை செய்பவரை அவசரப்படுத்துவதே ஒரு தாக்குதல் முறை. பர்கூர் மாணவரும் இதைக் கொஞ்சம் மனதில் வைக்கலாம்.

2027-ல் கூகுள் விதி வந்தால் இதெல்லாம் மூடிவிடுமா?
– வாசகர், தருமபுரி

2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது இது: சான்று பெற்ற ஆண்ட்ராய்டு ஃபோனில் எந்த வழியாக நிறுவினாலும், செயலியை எழுதியவர் தன் அடையாளத்தை கூகுளிடம் பதிந்திருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் படிப்படியாக மற்ற நாடுகள். எஃப்-ட்ராய்டு வெளிப்படையாக எதிர்த்தது. தாம் கையொப்பமிடும் ஆயிரக்கணக்கான செயலிகளை எழுதியவர்களைப் பதிந்துகொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்த அவர்களால் முடியாது. பின்னர் 2025 நவம்பரில், விவரம் தெரிந்தவர்கள் எச்சரிக்கையைக் கடந்து நிறுவ ஒரு வழியும், மாணவர்களுக்கு வரம்புள்ள எளிய கணக்கும் தருவோம் என்று கூகுள் சொன்னது. கணினியில் கேபிள் சொருகி ஏடிபி என்ற கருவி மூலம் நிறுவுவது தடைபடாது என்றும் சொல்லியிருக்கிறது.

ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடையாளப் பதிவு என்பது ஆள் யார் என்று கேட்கிறது. சரக்கு எப்படி என்று கேட்பதில்லை.

எங்கள் உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கு ஆறேழு செயலி போதும்: வரைபடம், கணக்கு, தமிழ் விசைப்பலகை, நாங்களே எழுதச் சொன்ன கொள்முதல் செயலி. உறுப்பினர்கள் கண்டதையும் போட்டு மாட்டிக்கொள்ளாமல் சொந்தமாக ஒரு களஞ்சியம் வைக்க முடியுமா? மலைப்பக்க ஊர்களில் சிக்னலும் கிடையாது.
– குழுவின் கணக்கர், ஊத்தங்கரை

முடியும், பெரிய செலவும் இல்லை. உபுண்டு அல்லது டெபியன் போட்ட பழைய மடிக்கணினி ஒன்று போதும். ‘எஃப்ட்ராய்டுசர்வர்’ என்ற தொகுப்பை நிறுவி, காலியான ஒரு கோப்புறைக்குள் நின்று ‘எஃப்ட்ராய்டு இனிட்’ கொடுங்கள். ‘கீஸ்டோர்’ என்ற சாவிக்கோப்பு, ‘கான்ஃபிக்’ கோப்பு, ‘ரெப்போ’ கோப்புறை மூன்றும் உருவாகும். கான்ஃபிக்கில் களஞ்சியத்தின் பெயரையும் இணைய முகவரியையும் எழுதுங்கள். ஏபிகே கோப்புகளை ரெப்போவுக்குள் போட்டு, ‘எஃப்ட்ராய்டு அப்டேட்’ கட்டளையை மெட்டாடேட்டா உருவாக்கும் தெரிவோடு ஓட்டுங்கள். பட்டியல் தயார். எந்தச் சாதாரண வெப் ஹோஸ்டிங்கிலும் ஏற்றலாம், டேட்டாபேஸ் எதுவும் தேவையில்லை.

ஏற்ற வேண்டியது ரெப்போ கோப்புறையை மட்டும். அவசரத்தில் முழுக் கோப்புறையையும் ஏற்றினால் சாவியும், கான்ஃபிக்கில் இருக்கும் அதன் கடவுச்சொல்லும் சேர்ந்து இணையத்தில் நிற்கும்.

உறுப்பினர்களுக்கு, கைரேகை எண் (களஞ்சியச் சாவியை அடையாளம் காட்டும் எண்) சேர்ந்த முகவரியைக் க்யூஆர் ஆக அச்சடித்துக் கொள்முதல் மையத்தில் ஒட்டுங்கள். எஃப்-ட்ராய்டு செயலியில் அமைப்புகள், களஞ்சியங்கள், கூட்டல் குறி, ஸ்கேன். கைரேகை எண் சேர்ந்திருப்பதால் நடுவில் யாரும் வேறு பட்டியலை நுழைக்க முடியாது.

எதை வைக்கலாம்? திறந்த உரிமம் உள்ளவையும் உங்கள் சொந்தச் செயலியும் மட்டும். வங்கிச் செயலி, யுபிஐ செயலிகளின் ஏபிகே-யை எங்கிருந்தோ இறக்கி இங்கே வைக்காதீர்கள். மறுபகிர்வு உரிமை உங்களுக்கு இல்லை, புதுப்பிப்பும் தாமதமாகும். வெளியார் செயலிகளை அவர்கள் வெளியிட்ட கையொப்பத்தோடேயே வையுங்கள். பென்னாகரம் ஆசிரியைக்கு வந்த சிக்கல் உங்கள் உறுப்பினர்களுக்கு வராது.

தரச் சோதனைக்கு ஓசூர் வாசகருக்குச் சொன்னதையே சிறிதாகச் செய்யுங்கள். ‘சோதனை’, ‘முதன்மை’ என்று இரண்டு களஞ்சியம், இரண்டு தனிக் கோப்புறை. மூன்று பேர் மட்டும் சோதனையைச் சேர்த்துக்கொள்ளட்டும். அவர்களில் ஒருவரிடம் 2 ஜிபி ரேம் உள்ள பழைய ஃபோன் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பலர் கையில் இருப்பது அதுவாகத்தான் இருக்கும். புதிய பதிப்பு வந்ததும், கேட்கும் அனுமதிகளை முந்தைய பதிப்போடு ஒப்பிடுங்கள். ‘ஏஏபிடி2 டம்ப் பேட்ஜிங்’ கட்டளை இரண்டின் பட்டியலையும் தரும். கணக்குச் செயலி திடீரென்று தொடர்புகளைக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு, பழைய பதிப்பில் பத்துப் பதிவு போட்டு, அதன் மேலேயே புதியதை ஏற்றி, பத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய ஃபோனில் புதிதாக நிறுவிப் பார்ப்பது சோதனையே அல்ல, மேலேற்றும்போதுதான் தரவு உடையும். சிக்னலை அணைத்து ஒரு கொள்முதல் சீட்டு போட்டுப் பாருங்கள். ஏழு நாள். யாரும் காரணத்தோடு மறுக்காவிட்டால் முதன்மைக்கு நகர்த்துங்கள். அவசரத் திருத்தம் என்றால் ஒரு நாள்.

உங்கள் செயலியை எழுதுபவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வெர்ஷன்கோடு எண் கூட வேண்டும். 1.2 என்று பெயர் மாற்றிவிட்டு உள் எண்ணைப் பழையபடியே விட்டால், யாருடைய ஃபோனிலும் புதுப்பிப்பு தெரியாது. ‘அனுப்பிவிட்டேனே’ என்று அவர் சொல்வார், ‘வரவில்லையே’ என்று நீங்கள் சொல்வீர்கள்.

மலைப்பக்கத்துக்கு இரண்டு வழி. எஃப்-ட்ராய்டு முழுச் செயலியில் ‘அருகில்’ என்று ஒரு பகுதி உண்டு. ஒருவர் ஃபோனில் உள்ள செயலியை வைஃபை வழியே அடுத்தவருக்கு இணையமில்லாமல் கொடுக்கலாம். ‘எஃப்-ட்ராய்டு பேசிக்’ என்ற சின்னப் பதிப்பில் அது கிடையாது, மாற்றி இறக்கிவிடாதீர்கள். இரண்டாவது, ரெப்போ கோப்புறையை அப்படியே ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினியில் நகலெடுத்து, அதையே வைஃபை ஹாட்ஸ்பாட்டாக வைத்துக் கொள்முதல் நாளன்று எடுத்துப்போவது. அதன் முகவரியைக் கான்ஃபிக்கில் ‘மிரர்’ (நகல் முகவரி) ஆக எழுதிவிடுங்கள். பட்டியல் கையொப்பமிட்டது என்பதால் எந்தப் பெட்டியிலிருந்து வந்தாலும் ஃபோன் சரிபார்த்துக்கொள்ளும்.

சாவிகள் இரண்டு என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். களஞ்சியச் சாவி தொலைந்தால் உறுப்பினர்கள் புதிய க்யூஆரை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும், அலைச்சல் அதோடு முடியும். கொள்முதல் செயலியின் கையொப்பச் சாவி தொலைந்தால், ஒவ்வொருவரும் செயலியை நீக்கித்தான் புதியதைப் போட முடியும்; சர்வருக்கு ஏறாத சீட்டுகள் அதோடு போகும். அந்தச் சாவி எழுதிக்கொடுத்தவரின் மடிக்கணினியில் மட்டும் இருக்கக் கூடாது. கடவுச்சொல்லோடு வாங்கி இரண்டு பென்டிரைவில் வையுங்கள்: ஒன்று குழு அலுவலகப் பீரோவில், மற்றொன்று தலைவர் வீட்டில்.